குனிந்த பிறகு வந்த யோசனை

9-பால் பூல் ஆட்டம், ஸ்கோர் 6-6. முதலில் 7 ரேக், அதாவது 7 சுற்று, எடுப்பவருக்கு ஆட்டம். சிறிய எண் பந்தை முதலில் தொட்டு ஆடி, 9-ஐப் பாக்கெட்டில் போடுபவருக்கு ரேக். மேஜையில் மிச்சம் இருந்தவை 7, 8, 9 என மூன்றே பந்துகள், முறை என்னுடையது. கோலால் அடிக்க வேண்டிய வெள்ளைப் பந்து தலைப்பக்கக் குஷனை, அதாவது நான் நின்ற பக்கத்து ரப்பர் விளிம்பை, ஒட்டி நின்றது. 7 மறுகோடியில், இடது மூலைப் பாக்கெட்டிலிருந்து மூன்று சாண் தள்ளி. நடுவில் மறைப்பு ஒன்றும் இல்லை. 7-இன் பாதியை மோதுகிற அரைப்பந்துத் தொடுகையைவிடக் கொஞ்சம் மெலிதாகத் தொட்டால் உள்ளே போய்விடும். 8 வலது நீளக் குஷனோடு ஒட்டிக்கொண்டிருந்தது, நடுப் பாக்கெட்டுக்கு ஒரு சாண் மேலே. 9 தலைப்பக்கத்திலேயே, என் இடது கைப்பக்கம், குஷனை விட்டுச் சற்றுத் தள்ளித் தனியாக. மாதங்கள் ஆகிவிட்டன. கண்ணை மூடினால் இன்றும் அந்த மூன்று பந்துகளும் அதே இடத்தில் நிற்கின்றன.

7-ஐ உள்ளே தள்ளுவது என்று முடிவுசெய்துதான் குனிந்தேன். கியூவை, அதாவது ஆடும் கோலை, இரண்டு முறை முன்னும் பின்னும் ஆட்டினேன். மூன்றாவது முறை கியூ பின்னால் போனபோது மனசுக்குள் ஒரு கேள்வி வந்தது: விழவில்லை என்றால்? அந்தக் கேள்விக்கு என் தலை பதில் சொல்வதற்குள் கை சொல்லிவிட்டது. வேகத்தைக் குறைத்தது. வெள்ளைப் பந்தை மேஜையின் மேல்பக்கம் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ஒரு அரைகுறை ஆசை, பந்தும் விழ வேண்டும் என்று இன்னொரு அரைகுறை ஆசை. தொடுகை தடித்துப்போனது. 7 மெதுவாக உருண்டு, பாக்கெட்டின் உதட்டில் மோதி, வாயிலேயே நின்றுவிட்டது. வெள்ளைப் பந்து நடு மேஜையில். எதிராளி எழுந்து வந்து மூன்று பந்துகளையும் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் வழக்கமான ஆறுதல்கள். "சேஃப்டி ஆடியிருக்கலாமே" என்று நாலு பேர் சொன்னார்கள், அதாவது பந்தைப் போடப் பார்க்காமல், எதிராளிக்கு நல்ல ஷாட் கிடைக்காதபடி பந்துகளை நிறுத்தியிருக்கலாம் என்று. "அடிச்சது சரிதான், விழலை, அவ்வளவுதான்" என்று இரண்டு பேர். இரண்டு கட்சியிலும் எனக்குச் சேர முடியவில்லை. ஏனென்றால் நான் அடிக்கவும் இல்லை, சேஃப்டி ஆடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் எதையோ செய்தேன். அதற்கு இந்த ஆட்டத்தில் பெயரே கிடையாது.

தடுப்பாட்டம் என்ற சொல்

சேஃப்டியைத் தமிழில் எழுதப் போனால் முதலில் கைக்கு வருவது 'தடுப்பாட்டம்'. அது கிரிக்கெட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல். அங்கே தடுப்பது என்றால் வருகிற பந்துக்கு மட்டையைக் காட்டிவிட்டு விக்கெட்டைக் காப்பாற்றிக்கொள்வது. பந்துவீச்சாளருக்கு அதனால் நேரடியாக ஒரு கஷ்டமும் இல்லை, அடுத்த பந்தைப் போடப் போய்விடுவார். பூலில் யாரும் நம்மை நோக்கிப் பந்து எறிவதில்லை. நம் முறை வரும்போது மேஜை முழுக்க நம்முடையது. சேஃப்டி ஆடுகிறவர் தன்னைக் காத்துக்கொள்வதில்லை, எதிராளிக்கு ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போய் உட்கார்கிறார். 9-பாலில் எதிராளி மிகச் சிறிய எண் கொண்ட பந்தைத்தான் முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு ஏதாவது ஒரு பந்து பாக்கெட்டில் விழ வேண்டும், அல்லது ஏதாவது ஒன்று குஷனைத் தொட வேண்டும். தவறினால் ஃபவுல். பால் இன் ஹேண்ட் நமக்கு வரும், வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். மூன்று பந்துகள் மிச்சமிருக்கும்போது பால் இன் ஹேண்ட் கிடைத்தால், ஓரளவு ஆடத் தெரிந்தவருக்கு அது ரேக்கே கிடைத்த மாதிரி. போதாததற்கு, தொடர்ந்து மூன்று முறை ஃபவுல் செய்தால் ரேக் போய்விடும் என்ற விதியும் உண்டு. இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு எச்சரிக்கை சொல்லியிருக்க வேண்டும். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 'தடுப்பு' என்ற சொல்லுக்கு இங்கே வேலையே இல்லை.

புலி பதுங்குவது பாய்வதற்கு என்ற பழமொழியையும் சேஃப்டி ஆடுகிறவர்களுக்குச் சமாதானமாகச் சொல்வார்கள். பாதிதான் பொருந்துகிறது. புலி இடம் பார்த்துப் பதுங்குகிறது. நான் பார்த்த சேஃப்டிகளில் பெரும்பாலானவை, என்னுடையவையும் சேர்த்துத்தான், பதுங்கியவை அல்ல, ஓடி ஒளிந்தவை. 'எங்கேயாவது போய் நிற்கட்டும்' என்று தட்டிவிடுவது. பந்தைப் பாக்கெட்டில் தள்ள நினைக்கும்போது விரற்கடை அளவுக்கு யோசிக்கிற அதே ஆள், சேஃப்டி என்று வந்தால் கால் மேஜையைக் கையால் சுற்றிக் காட்டி "இந்தப் பக்கம் எங்கயாவது" என்கிறார். ஒரு சோதனை வைத்துக்கொண்டிருக்கிறேன். அடிப்பதற்கு முன் இரண்டு பந்துகளும் எங்கே போய் நிற்கும் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை என்றால் அது பயம்.

20 தடவை

தோற்ற மறுநாள் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். காகிதத் துளைகளைச் சுற்றி ஒட்டுவார்களே, அந்தச் சின்ன வளைய ஸ்டிக்கர்களை நான்கு பந்துகளும் நின்ற இடத்தில் மேஜைத் துணியில் ஒட்டினேன். ஞாபகத்திலிருந்துதான். ஆனால் இரண்டு விரற்கடைக்கு மேல் பிசகியிருக்காது, அந்த அளவுக்கு அது மனசில் பதிந்திருந்தது. பிறகு அதே ஷாட்டை 20 தடவை ஆடினேன். ஒவ்வொரு முறையும் பந்துகளை வளையத்தில் வைத்து, எழுந்து நின்று, சாக் தடவி, குனிந்து, போட்டியில் போலவே. ஆட்ட நேரத்தில் என்னைக் கேட்டிருந்தால், 'இது 100-க்கு 65 விழும்' என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன்.

9 தடவைதான் விழுந்தது.

நம்ப முடியாமல் நின்றேன். அதைவிடச் சங்கடம், விழுந்த அந்த 9-இல் வெள்ளைப் பந்து 8-க்கு நல்ல இடத்தில் நின்றது நான்கு தடவைதான். மற்ற ஐந்தில் 7 விழுந்துவிட்டது, ஆனால் அடுத்தது என்ன என்று தலையைச் சொறிய வேண்டிய நிலை. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வெள்ளைப் பந்து குஷனை ஒட்டி நின்றதால் கியூவைத் தூக்கிப் பிடித்து, பந்தின் மேல்பாதியில்தான் அடிக்க முடிந்தது. ஒன்பது அடி மேஜையின் ஆடுகளம் 100 அங்குலம். அதில் முக்கால்வாசி தூரத்தை வெள்ளைப் பந்து கடந்து போய் 7-ஐத் தொட வேண்டும். பந்தின் விட்டம் 2.25 அங்குலம், மூலைப் பாக்கெட்டின் வாய் அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. தூரத்திலிருந்து பார்க்கும்போது பாக்கெட் திறந்த கதவாகத் தெரிகிறது. குஷனை ஒட்டிய பந்தின் கோணல், கியூவின் சாய்வு, தூரம் எல்லாம் சேர்ந்து அந்தக் கதவை எவ்வளவு மூடிவிட்டன என்பது 20 தடவை அடித்துப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவில்லை. எல்லோருக்கும் இது ஒரு பலவீனம் என்று நினைக்கிறேன்: ஒரு ஷாட்டின் கஷ்டத்தை மதிப்பிடும்போது, அது விழுந்த நாட்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

அடுத்து சேஃப்டி. 7-இன் இடது ஓரத்தை மெலிதாக உரசி, வெள்ளைப் பந்தை மறுகோடியில் உள்ள கால்பக்கக் குஷனில் மோதவைத்து, தலைப்பக்கம் 9-க்குப் பின்னால் கொண்டுவருவது. 7 கொஞ்சம் நகர்ந்து அந்தக் கோடியிலேயே கிடக்கும். இதையும் 20 தடவை. 12 தடவை நன்றாக வந்தது: சில நேரம் 9-க்குப் பின்னால் முழு மறைவு, சில நேரம் மறைவு இல்லாவிட்டாலும் வெள்ளைப் பந்து தலைப்பக்கக் குஷனை ஒட்டி, எதிராளிக்கு ஒரு நீள மேஜை தூரம். 5 தடவை நடுத்தரம். 3 தடவை 7-ஐத் தொடவே இல்லை, உரசுவதற்குப் பதில் பக்கத்தில் போய்விட்டது. அது ஃபவுல், எதிராளிக்குப் பால் இன் ஹேண்ட். "சேஃப்டி ஆடியிருக்கலாமே" என்றவர்கள் இந்த மூன்றைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். சேஃப்டிக்கும் தவறுகிற உரிமை உண்டு, அதன் பெயரில் மட்டும்தான் பாதுகாப்பு இருக்கிறது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்து விழுந்த எண்ணிக்கை நானே எண்ணியது. ரேக்கை ஜெயிக்கும் வாய்ப்புகள் எல்லாம் என் குத்துமதிப்பு. யார் போட்டாலும் இவை கொஞ்சம் மாறும். முதலில் ஆட்ட நேரத்தில் என் மனதில் இருந்த கணக்கு: 65 சதவீதம் 7 விழும், விழுந்தால் 80 சதவீதம் ரேக் என்னுடையது, விழாவிட்டால் 20. பெருக்கிக் கூட்டினால் 59. அடிக்க வேண்டியதுதான், சந்தேகமே இல்லை. இப்போது உண்மையான கணக்கு: 45 சதவீதம் விழும். விழுந்தாலும் வெள்ளைப் பந்து நல்ல இடத்தில் நிற்பது பாதிக்கும் குறைவு என்பதால் 80 என்பதை 65 ஆக்கினேன். விழாவிட்டால் அதே 20. கூட்டினால் 40. சேஃப்டிக்கு: நல்லதாக அமைந்தால் 65 சதவீதம் ரேக் எனக்கு, நடுத்தரமாக அமைந்தால் 35, ஃபவுல் ஆனால் 10. 12-5-3 என்ற விகிதத்தில் கூட்டினால் 49.

59-உம் இல்லை, 49-உம் இல்லை, 40-ஐத் தேர்ந்தெடுக்கப் போயிருக்கிறேன். அதையும் ஒழுங்காகச் செய்யாமல், நடுவழியில் கையைத் தளர்த்தி, அந்த 40-ஐயும் கெடுத்திருக்கிறேன். சேஃப்டி ஆடச் சொன்ன நாலு பேரும் சரி. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் தவறு. 'முக்கியமான நேரத்தில் ரிஸ்க் எடுக்கக் கூடாது' என்பதுதான் அவர்களுடைய காரணம். 49-உம் ரிஸ்க்தான். பாதிக்கு மேல் தோற்கிற ரிஸ்க். இரண்டு ஆபத்துகளில் சின்னதைப் பார்த்து எடுப்பதை யாரும் அழகாகப் பேசுவதில்லை, அது அழகில்லை என்பதால் இருக்கலாம்.

எந்தப் பந்தின் வேகம்

இதற்குப் பிறகு சேஃப்டியை ஒரு ஷாட்டாகவே பழக ஆரம்பித்தேன். முதலில் புரிந்தது வேகம் பற்றியது. வெள்ளைப் பந்து மோதும் நேரத்தில் உருளாமல் வழுக்கிக்கொண்டு போனால், அதாவது ஸ்டன் ஷாட்டில், நேராக மோதினால் அது அங்கேயே நின்றுவிடும், அதன் வேகம் முழுக்க இலக்குப் பந்துக்குப் போகும். மிக மெலிதாக உரசினால் நேர்மாறு: வெள்ளைப் பந்து வேகத்தோடு போய்க்கொண்டே இருக்கும், இலக்குப் பந்து அசைந்ததும் அசையாததுமாக இருக்கும். கோணம் 45 டிகிரி ஆனால் இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் பிரிந்து ஓடும். சேஃப்டிக்கு இந்த நடுக்கோணம்தான் தலைவலி, இரண்டு குழந்தைகளை ஒரே நேரத்தில் கவனிக்கச் சொன்ன மாதிரி. நல்ல சேஃப்டிகள் பெரும்பாலும் முழுத் தொடுகையாக இருக்கும், அல்லது மெல்லிய தொடுகையாக இருக்கும். ஒரு பந்து கிட்டத்தட்ட சும்மா இருக்க வேண்டும், இன்னொன்றை மட்டும் நாம் மேய்க்க வேண்டும். அன்று நான் ஆடிய பெயரில்லாத ஷாட் சரியாக இந்த நடுக்கோணத்தின் பக்கத்தில், இரண்டு பந்துகளும் ஓடுகிற வகையில் அமைந்தது. கையைத் தளர்த்தினால் எது எங்கே நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

முழுத் தொடுகைச் சேஃப்டி ஒன்று எனக்கு இப்போது மிகவும் பிடித்துவிட்டது. தடுக்கும் பந்துக்குப் பக்கத்திலேயே வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடம் இருந்தால், இலக்குப் பந்தை நேராக மோதி, வெள்ளைப் பந்தை அங்கேயே நிறுத்திவிட்டு, இலக்குப் பந்தை மறுகோடிக்கு அனுப்பிவிடுவது. பார்க்க எளிது, தவறுவதும் குறைவு. மறைப்பில் இன்னொரு விஷயம்: தடுக்கும் பந்து வெள்ளைப் பந்துக்கு அருகில் இருக்கும் அளவுக்கு மறைவின் அகலம் கூடும். கண்ணுக்கு முன்னால் கையை வைத்தால் மலையே மறைவது போல. அதோடு, வெள்ளைப் பந்து தடுக்கும் பந்தோடு ஒட்டி நின்றால் அதன் மேலாக எகிறிப் போவது நடக்காத காரியம். ஜம்ப் கியூ வந்த பிறகு இது முக்கியமாகிவிட்டது. சட்டப்படி குறைந்தது 40 அங்குலம் இருக்க வேண்டிய அந்தக் குட்டைக் கியூவை எடுத்துத் தடுப்பைத் தாண்டிக் குதித்து, பந்தையும் பாக்கெட்டில் போட்டுவிடுகிற ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டடி தூரத்துத் தடுப்பு அவர்களுக்குத் தடுப்பே அல்ல.

கிக் ஷாட்டையும், அதாவது வெள்ளைப் பந்தை முதலில் குஷனில் மோதவைத்து இலக்குப் பந்தைத் தொடுவதையும், குறைத்து மதிப்பிடக் கூடாது. 1995-இல் அமெரிக்காவின் ரீனோவில் நடந்த இறுதிப் போட்டி ஒன்றில் 12-12 என்ற நிலையில் அமெரிக்க ஆட்டக்காரர் ஏர்ல் ஸ்ட்ரிக்லேண்ட் சேஃப்டி ஆடி ஒளித்துவைத்த பந்தை பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயஸ் இரண்டு குஷன்களில் மோதவைத்துத் தொட்டார். தொட்டதோடு விடவில்லை, பாக்கெட்டிலேயே போட்டு, மிச்சத்தையும் எடுத்து ஜெயித்தார். அதைப் பார்த்த பிறகு 'சேஃப்டியால் என்ன பயன்' என்று சிலர் கேட்பார்கள். ஸ்ட்ரிக்லேண்ட் ஆடியது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் அந்த ஷாட்டை அந்த நேரத்தில் ஆடக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்பதும் கணக்கில் ஒரு எண் என்பதை அந்த ஒரு ஷாட் போல வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை. என் 12-5-3 கணக்கில் 'நல்லதாக அமைந்தால் 65' என்று போட்டிருக்கிறேனே, ரேயஸ் எதிரில் உட்கார்ந்திருந்தால் அந்த 65-ஐ நானே கிழித்துப் போட வேண்டியதுதான்.

எதிராளியை எடைபோடுவதற்கு 9-பாலில் ஒரு அருமையான பாடம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை: புஷ் அவுட். ரேக்கைத் தொடங்க அடிக்கிற பிரேக்குக்கு அடுத்த ஷாட்டில், வழி அடைபட்டிருந்தால், அறிவித்துவிட்டு வெள்ளைப் பந்தை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம், எதையும் தொட வேண்டியதில்லை. அதன் பிறகு ஆடுவதா, உங்களையே ஆடச் சொல்வதா என்று எதிராளி தேர்ந்தெடுப்பார். ஒரு பண்டத்தை ஒருவன் இரண்டாக வெட்டவேண்டும், எந்தத் துண்டு என்று இன்னொருவன் எடுத்துக்கொள்வான் என்பது மாதிரி. ரொம்ப எளிதாக வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார், ரொம்பக் கடினமாக வைத்தால் உங்கள் தலையிலேயே கட்டிவிடுவார். அவருக்கு 40 சதவீதமும் உங்களுக்கு 50 சதவீதமும் உள்ள ஒரு ஷாட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அவருக்குக் குஷனை ஒட்டிய பந்து பிடிக்காது, உங்களுக்குப் பரவாயில்லை என்றால் அங்கேதான் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நன்றாகப் புஷ் அவுட் ஆடத் தெரிந்தவர் சேஃப்டியையும் நன்றாகவே தேர்ந்தெடுப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஆளுக்கு ஒரு தொகுதிப் பந்துகளை ஆடுகிற 8-பாலில் நிலைமை வேறு. அங்கே எதிராளியின் பந்துகள் நிறைய மிச்சம் இருக்கும்போது அவையே உங்களுக்கு மறைப்பு. 'சேஃப்டி' என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு உங்கள் பந்தைப் போட்டாலும் முறையை எதிராளிக்குக் கொடுத்துவிடலாம். புள்ளிக் கணக்கில் ஆடுகிற 14.1 என்ற பூல் வகையில் வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஒரு புள்ளியை இழப்பதும் ஒரு நல்ல சேஃப்டிதான், தொடர்ந்து மூன்று ஆகாதவரை. அதெல்லாம் தனிக் கதை.

எழுந்திருப்பது

கணக்கு தெரிந்தபிறகும் கை தளர்வது நிற்கவில்லை. இதுதான் என்னை உண்மையில் உறுத்தியது. சேஃப்டியா, பந்தைப் போடுவதா என்று நின்றுகொண்டே முடிவெடுப்பேன், ஆனால் குனிந்த பிறகு இன்னொரு முடிவு எட்டிப்பார்க்கும். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் ஆடுவார். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நான் தவறவிட்டு நின்றபோது அவராகவே வந்தார்.

"தம்பி, குனிஞ்சப்புறம் யோசனை வருதா?"

"வருதுங்க."

"வந்தா எழுந்திரிச்சிடு."

"எழுந்திரிச்சா?"

"மறுபடி மேஜையைச் சுத்தி வா. அதே ஷாட்டுதான்னு தோணுச்சுன்னா மறுபடி குனி. நீ குனிஞ்சு யோசிக்கிற, அங்க கண்ணு பந்துக்குப் பக்கத்துல இருக்கு, ஒண்ணும் தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். எளிதாகத்தான் தோன்றியது. செய்யப் போனால்தான் தெரிகிறது, எழுந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று. முதல் காரணம் வெட்கம். குனிந்தவன் எழுந்தால் பயந்துவிட்டான் என்று எதிராளி நினைப்பான், பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். இரண்டாவது, எழுந்தால் முடிவை மறுபடி எடுக்க வேண்டும், குனிந்த உடம்பு அந்த வேலையிலிருந்து தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. நேரமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுகிற மோஸ்கோனி கோப்பை மாதிரியான பூல் போட்டிகளில் ஷாட்டுக்கு 30 வினாடிகள்தான், கூடுதல் நேரம் கேட்பதற்கும் அளவு உண்டு. அங்கே ஆடுகிறவர்கள் முதல் 20 வினாடிகளை நின்றுகொண்டு செலவழிப்பதை இப்போது கவனித்துப் பார்க்கிறேன். குனிந்த பிறகு அவர்கள் முகத்தில் ஒரு கேள்வியும் இருப்பதில்லை. என் ஆட்டங்களில் கடிகாரம் கிடையாது. அப்படியிருந்தும் அவசரப்பட்டவன் நான்தான்.

இந்த இடத்தில் 'இருவழி ஷாட்' பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். விழுந்தால் நல்லது, விழாவிட்டாலும் எதிராளிக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்கிற ஷாட். உண்மையான இருவழி ஷாட்டுகள் உண்டு, குறிப்பாக, இலக்குப் பந்தைக் குஷனில் மோதவைத்துப் பாக்கெட்டுக்கு அனுப்புகிற பேங்க் ஷாட்டில். பந்து தவறினால் குஷனை ஒட்டிப் போய் நிற்கும், வெள்ளைப் பந்து மறுகோடியில். ஆனால் முடிவெடுக்க முடியாதவர்கள் பதுங்குகிற புதர் அதுதான். அன்று நான் ஆடியதையும் ஒருவர் "டூ-வே ஷாட் ஆடினீங்க, அது சரியா வரலை" என்று மரியாதையாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை, கேட்க இதமாக இருந்தது. ஆனால் நிற்கும்போதே இரண்டு வழிகளையும் பார்த்து, இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே தொடுகை போதும் என்று உறுதியானால்தான் அது இருவழி ஷாட். குனிந்த பிறகு இரண்டாவது வழி தெரிந்தால் அது கண்ணின் தந்திரம்.

சமீபத்தில் ஒரு ஆட்டத்தில், ஸ்கோர் என்ன என்பது முக்கியமில்லை, ஏறத்தாழ அதே மாதிரி ஒரு நிலை வந்தது. இந்த முறை 6-ஆம் பந்து, அதே தூரம், அதே குஷன் ஒட்டல். அடிக்க முடிவுசெய்து குனிந்தேன். மறுபடி அந்தக் கேள்வி வந்தது. எழுந்தேன். எதிராளி நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார், அவருக்கு ஏதோ தெரிந்துவிட்டது போல. மேஜையைச் சுற்றி நடந்தேன். சேஃப்டிக்கு வெள்ளைப் பந்து போய் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து 6-ஐப் பார்த்தேன். எதிராளியின் கண்ணால் பார்க்கிற மாதிரி. அங்கிருந்து பார்த்தால் பந்து தெரியவே இல்லை. திரும்பி வந்து சேஃப்டி ஆடினேன், விரல் வைத்துக் காட்டிய இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளி நின்றது. எதிராளி ஒரு குஷன் கிக் ஆடி 6-ஐத் தொட்டார், எனக்கு ஒரு ஷாட்டும் இல்லாமல் நிறுத்திவிட்டார். நான் மறுபடி சேஃப்டி, அவர் மறுபடி. நாலைந்து முறை போனது. கடைசியில் அவருடைய ஒரு பந்து குஷனைத் தொடாமல் நின்றது, பால் இன் ஹேண்ட் எனக்கு வந்தது, ரேக் எடுத்தேன். அதைவிட அந்த நாலைந்து ஷாட்டுகளில் ஒருமுறைகூடக் கை தளரவில்லை என்பதுதான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைவில் இருந்தது.

வளைய ஸ்டிக்கர்களின் அடையாளம் அந்த மேஜைத் துணியில் இன்னும் லேசாகத் தெரிகிறது. வாரம் ஒருமுறை அதே மூன்று பந்துகளை அதே இடத்தில் வைத்து 20 தடவை அடிக்கிறேன். என் பழைய கணக்குப்படி, 49-ஐத் தொட 20-இல் 13 விழ வேண்டும். 65 சதவீதம், அன்று ஆட்டத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய அதே எண். போன வாரம் 11 விழுந்தது. நெருங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சேஃப்டியையும் அதே நாளில் 20 தடவை பழகிக்கொண்டிருக்கிறேன். அது 12-இலிருந்து 14-க்கு ஏறிவிட்டது, தொடாமல் போவது மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது. கணக்கைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். இனி 13 போதாது, 15 விழ வேண்டும்.